பொருநைக் கரையில் குற்ற எதிர்வாதம் பயில்தல்

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும், பொருநை எனப்படும் தாமிரபரணி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் ஆறாயினும், அதன் கரையிலும் கரையை ஒட்டிய ஊர்களிலும் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை, ஸ்ரீவைகுண்டம் என நீதிமன்றங்கள் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், குற்றவியல் வழக்கு ஒன்று கைதில் தொடங்கித் தீர்ப்பில் முடியும் வரை கடக்கும் நிலைகள் யாவற்றையும் ஒரே பள்ளத்தாக்கினுள் பயணம் செய்தே கண்டறிய இயலும். கோயில்களுக்கும் அருவிகளுக்கும் செல்வோர் நிறைந்த இந்த வழியில், 1996-இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியின் மாணவர்களும் வெளியூர்ச் சட்டக் கல்லூரிகளில் பயின்று விடுமுறைக்கு ஊர் திரும்பியவர்களும், மூத்த வழக்கறிஞர் ஒருவரின் கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு நீதிமன்றம் நீதிமன்றமாகச் சென்று வருகின்றனர். அவர்கள் செல்லும் தடத்தில், ஆற்றின் மேல்மடையிலிருந்து கீழ்நோக்கி இக்கட்டுரை செல்கிறது.

சட்ட மாணவர் நீதிமன்றத்தில் பயிற்சி பெறுவது விருப்பத்தைப் பொறுத்த செயலாக விடப்படவில்லை. இந்திய பார் கவுன்சில் 2008-இல் வகுத்த சட்டக் கல்வி விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தவர் குறைந்தது 12 வாரங்களும், ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்தவர் குறைந்தது 20 வாரங்களும் வழக்கறிஞர், நீதிமன்றம், தொண்டு நிறுவனம் போன்ற இடங்களில் பயிற்சி பெற வேண்டும். அத்துடன் ஓர் உரிமையியல் வழக்கின் விசாரணையையும் ஒரு குற்றவியல் வழக்கின் விசாரணையையும் நேரில் இருந்து கவனித்துப் பதிவேடு எழுத வேண்டும். அதற்கு 30 மதிப்பெண். கட்சிக்காரரிடம் வழக்கு விவரம் கேட்டறியும் முறையைக் கவனித்து எழுதுவதற்கு மேலும் 30 மதிப்பெண். பதிவேட்டை முடித்துக் கையொப்பம் பெறுவதோடு பயிற்சி முடிந்துவிட்டதாகக் கருதும் மாணவர்களும் உண்டு. ஒரு சீனியரின் நிழலில் தொடர்ந்து அமர்ந்து கற்போரோ சிலரே. ஆனால் குற்றவியல் நீதி நாளை எவ்வாறு இருக்கும் என்பது அந்தச் சிலரைப் பொறுத்தே அமையும்.

குற்ற எதிர்வாதம் என்பது, அரசு ஒருவர்மீது குற்றம் சாட்டும்போது அவருக்காக நின்று, அரசின் சான்றுகள் சட்டம் கேட்கும் அளவுக்கு நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும் பணியாகும். தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களின் கட்டுகளில் குற்றம் சாட்டப்பட்டவர் ‘எதிரி’ என்றும், ஒருவருக்கு மேற்பட்டோர் இருப்பின் ‘1-ஆம் எதிரி’, ‘2-ஆம் எதிரி’ என்றும் குறிக்கப்படுகிறார். குற்றத்தை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசு தரப்பைச் சார்ந்தது. எதிரி வாய் திறவாமலே இருக்கலாம். நூலில் ஒரு வரியில் முடிந்துவிடும் இக்கோட்பாடு, கையில் விலங்கோடு நிற்பவரின் முன்னிலையில் எவ்வளவு எளிதாக மறக்கப்படுகிறது என்பதை நீதிமன்றத்தில் அமர்ந்து பார்த்தவரே முழுமையாக உணர்வர்.

ஆற்றின் மேல்மடையில் தொடங்கும் பயணி முதலில் காணவேண்டிய ஊர் திருப்புடைமருதூர். கடனா ஆறு தாமிரபரணியுடன் சேரும் இடத்தில், மருத மரங்களும் வயல்களும் சூழ அமைந்த இச்சிற்றூர், நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்நிலைகளில் உள்ள சுவரோவியங்களுக்கும் மரச் சிற்பங்களுக்கும், 2005-இல் பாதுகாப்பு அறிவிப்புப் பெற்ற பறவைக் காப்பகத்துக்கும் பெயர் பெற்றது. குற்றவியல் சட்டம் பயில்வோருக்கு இவ்வூர் வேறொரு வகையிலும் முதன்மையானது: உச்ச நீதிமன்ற நீதிபதியாக 1988 முதல் 1994 வரை பணியாற்றிய எஸ். இரத்தினவேல் பாண்டியன் 1929-இல் இங்கே பிறந்தவர். அம்பாசமுத்திரத்தில் பள்ளிப் படிப்பையும் பாளையங்கோட்டையில் கல்லூரிப் படிப்பையும் சென்னையில் சட்டப் படிப்பையும் முடித்து, திருநெல்வேலியில் வழக்கறிஞராகத் தொழில் செய்து, 1974-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானவர் அவர். மாவட்ட நீதிமன்றத்துக் குற்றவியல் அனுபவம் ஒருவரை எவ்வளவு தொலைவு கொண்டுசெல்லும் என்பதற்கு இப்பள்ளத்தாக்கில் இதனினும் நல்ல சான்று இல்லை.

அவர் எழுதிய தீர்ப்புகளுள் இரண்டை மாணவர் அருகருகே வைத்துப் படிப்பது நன்று. 1990-இல் ஹரியானா அரசு எதிர் பஜன்லால் வழக்கில், முதல் தகவல் அறிக்கையை, அதாவது குற்றம் பற்றிக் காவல் நிலையத்தில் முதன்முதலாகப் பதிவாகும் அறிக்கையை, உயர் நீதிமன்றம் எந்தெந்த நிலைகளில் ரத்து செய்யலாம் என்று ஏழு வகைகளாக அவர் வகுத்தார். பொய்வழக்கில் சிக்கியவருக்காக மனு எழுதும் வழக்கறிஞர் எவரும் இன்றும் அத்தீர்ப்பை மேற்கோள் காட்டாமல் இருப்பதில்லை. 1994-இல் கர்த்தார் சிங் வழக்கில், பயங்கரவாதத் தடுப்புக்கான தடா சட்டத்தின் கீழ்க் காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரியிடம் தரப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகச் செல்லும் என்ற பிரிவை, சில பாதுகாப்பு நெறிகளோடு ஏற்ற பெரும்பான்மைத் தீர்ப்பையும் அவரே எழுதினார், நீதிபதிகள் கே. இராமசாமியும் ஆர்.எம். சகாயும் அப்பிரிவை ஏற்காமல் மாறுபட்டனர். காவலரின் முன் கூறப்படும் ஒப்புதலை நம்பலாகாது என்ற பழைய சட்ட விதியின் அடிவேரைத் தொட்டவர்கள் மாறுபட்ட அவ்விருவரே என்று இக்கட்டுரை கருதுகிறது; எனினும் இரு தரப்பையும் படித்தறிந்த பின்னரே மாணவர் தமக்கென ஒரு முடிவுக்கு வருதல் வேண்டும்.

திருப்புடைமருதூரிலிருந்து அம்பாசமுத்திரம் அதிகத் தொலைவில் இல்லை. இங்குள்ள குற்றவியல் நடுவர் நீதிமன்றம், அதாவது மக்கள் வழக்கில் மாஜிஸ்திரேட் கோர்ட், பயிற்சிக்கு வரும் மாணவர்கள் வழக்கமாக ஆசைப்படும் இடமாக இருப்பதில்லை. அவர்கள் காண விரும்புவது கொலை வழக்கின் குறுக்கு விசாரணை நடக்கும் செசன்ஸ் நீதிமன்றத்தையே. ஆயினும் எதிர்வாதத்தின் முதற்பாடம் ரிமாண்டு நேரத்தில்தான் கிடைக்கிறது. ரிமாண்டு என்பது, கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தி, அவரைக் காவலில் வைக்க அனுமதி கேட்கும் நடவடிக்கை. அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆம் உறுப்பு அந்த 24 மணி நேர எல்லையையும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமையையும் ஒருசேர வழங்குகிறது. நடைமுறையில் இது சில நிமிடங்களில் முடிந்துவிடும் காரியம். காவலர் ஒருவர் காகிதங்களை நீட்ட, நடுவர் பெயரையும் தந்தை பெயரையும் கேட்க, கையொப்பம் விழுந்துவிடும்.

அந்தச் சில நிமிடங்களில் சீனியர் தம் மாணவருக்குக் காட்டுவன பல. கைது எத்தனை மணிக்கு நடந்ததாகக் குறிப்பாணையில் எழுதப்பட்டுள்ளது, உறவினர் யாருக்குத் தகவல் தரப்பட்டது, கைதுக்கான காரணம் எழுத்தில் தரப்பட்டதா, மருத்துவப் பரிசோதனைச் சீட்டில் காயம் எதுவும் குறிக்கப்பட்டுள்ளதா, நிற்பவர் ஒரு காலை ஊன்றாமல் நிற்கிறாரா என்று ஒவ்வொன்றையும் பார்த்து, தேவையெனில் அப்போதே நடுவரிடம் கூற வேண்டும். கைதின்போது பின்பற்ற வேண்டிய நெறிகளை 1996-இல் டி.கே. பாசு வழக்கிலும், ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் கைது கட்டாயமன்று என்பதை 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கிலும், கைதின் காரணத்தை உரியவருக்குப் புரியும்படி தெரிவிக்காத கைது செல்லாது என்பதை 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. இத்தீர்ப்புகளைத் தேர்வுத்தாளில் எழுதுவது எளிது. விலங்கோடு நிற்பவரின் வழக்கில் அந்த நொடியே எடுத்துக்கூறுவதற்குத் துணிவும் பழக்கமும் வேண்டும். மாணவர் செய்யத்தக்க மற்றொரு சிறு வேலையும் உண்டு. குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாட்களுக்குள் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், எதிரிக்குக் கட்டாய ஜாமீன் பெறும் உரிமை பிறக்கிறது. ரிமாண்டு செய்யப்பட்ட நாளையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஆகவே கட்டின் மேலட்டையில் ரிமாண்டு தேதியைப் பெரிதாக எழுதி, 60-ஆம் நாளையும் 90-ஆம் நாளையும் அதன் கீழே குறித்துவைப்பது ஜூனியரின் பொறுப்பாகிறது. ஒரு நாள் தவறினாலும், அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், அந்த உரிமை கைநழுவிப் போகும்.

ரிமாண்டு நிலைக்கு இவ்வளவு இடம் தருவதற்கு இந்நிலப்பகுதியின் அண்மை வரலாறே காரணம். 2020 ஜூன் 19 அன்று இரவு சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட வணிகர் ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்சும், மறுநாள் நடுவரால் நீதிமன்றக் காவலுக்கு அனுப்பப்பட்டுக் கோவில்பட்டிக் கிளைச் சிறையில் அடைக்கப்பட்டனர். 22-ஆம் தேதி இரவு மகனும் 23-ஆம் தேதி காலையில் தந்தையும் உயிரிழந்தனர். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரித்த பின்பு, மத்தியப் புலனாய்வு அமைப்பு காவலர்கள்மீது கொலைக் குற்றம் சாட்டியது. 2023 மார்ச்சில், அம்பாசமுத்திரம் உட்கோட்டக் காவல் நிலையங்களுக்கு விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட சிலரின் பற்கள் பிடுங்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்து, அரசின் உயர் அலுவலர் பெ. அமுதா தலைமையில் விசாரணையும், பின்னர் சி.பி.சி.ஐ.டி. விசாரணையும் நடைபெற்றன. காவலில் இருப்பவரின் உடலைச் சட்டத்தின் கண்கொண்டு பார்க்கும் முதல் வெளியாள் நடுவரே. அவருடைய பார்வையை அந்த உடலின்மேல் திருப்பக்கூடியவர் அருகில் நிற்கும் வழக்கறிஞரே. அவர் அங்கே இல்லாதபோது நேர்வது என்ன என்பதை இப்பகுதி மக்கள் மிகுந்த விலை கொடுத்து அறிந்துள்ளனர்.

அம்பாசமுத்திரத்திலிருந்து செங்கோட்டை–திருநெல்வேலி ரயிலில் கிழக்கே வருபவர், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி ஆகிய நிலையங்களைக் கடந்து திருநெல்வேலி சந்திப்பில் இறங்கி, அங்கிருந்து பாளையங்கோட்டைக்குச் செல்ல ஆற்றைக் கடக்க வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு 1843-இல் கட்டுவித்த பாலம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பாலத்தை ஒட்டிய கொக்கிரகுளம் கரையில்தான், 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வையும் சிறையிலிருந்த தங்கள் தோழர்களின் விடுதலையையும் கேட்டு ஊர்வலமாக வந்த மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களுக்குத் துணையாக வந்தவர்களும் காவலரின் தடியடிக்குத் தப்ப ஆற்றில் இறங்க, 17 பேர் உயிரிழந்தனர். கைதானவர்களுக்கு உரிய காலத்தில் ஜாமீன் கிடைப்பது எத்தகைய பொது அமைதிப் பிரச்சினை என்பதைச் சட்ட நூல்களுக்கு வெளியே கற்பிக்கும் இடம் அது.

பாளையங்கோட்டையிலுள்ள மாவட்ட நீதிமன்ற வளாகமே இப்பயணத்தின் நடுநிலையம். கொலை, கொலை முயற்சி போன்ற பெருங்குற்றங்களை விசாரிக்கும் செசன்ஸ் நீதிமன்றங்களும், வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கான தனி நீதிமன்றமும் இங்கு உள்ளன. காலை பத்தரை மணிக்கு டவாலி பெயர்களை உரக்க அழைக்கத் தொடங்கும்போது, வாய்தாவுக்கு வந்த எதிரிகளும் சாட்சிகளும் அவர்களின் உறவினர்களும் தாழ்வாரத்தில் நிரம்பியிருப்பர். ஆனால் மாணவரின் உண்மையான வகுப்பு மாலையில், சீனியரின் அலுவலகத்தில் தொடங்குகிறது. குமாஸ்தா மறுநாள் பட்டியலை எழுதி முடித்த பின்பு, மேசையில் ஒரு கேஸ் கட்டு அவிழ்க்கப்படும்.

அக்கட்டில் முதலில் படிக்கப்படுவது முதல் தகவல் அறிக்கையின் உள்ளடக்கம் அன்று. அதன் மேற்பகுதியில் நடுவர் தம் கைப்பட எழுதிய தேதியும் நேரமுமே. பெருங்குற்ற வழக்குகளில் அறிக்கை பதிவானவுடன் காவலர் ஒருவர் அதை எக்ஸ்பிரஸ் தபாலாக நடுவரிடம், இரவாயின் அவருடைய வீட்டுக்கே, கொண்டுசேர்க்க வேண்டும். இரவு 9 மணிக்குப் பதிவானதாகக் கூறப்படும் அறிக்கை, சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள நடுவரை மறுநாள் பகல் 2 மணிக்கு அடைந்திருந்தால், இடைப்பட்ட நேரத்தில் பெயர்கள் சேர்க்கப்பட்டனவா என்ற கேள்வி எழுகிறது. தாமதம் ஒன்றே வழக்கை வீழ்த்திவிடாது. விளக்கப்படாத தாமதமும் வேறு முரண்பாடுகளும் சேரும்போது ஐயம் வலுப்பெறும். அடுத்து, காயமடைந்தவரைக் கொண்டுவந்தபோது அரசு மருத்துவமனையில் எழுதப்பட்ட விபத்துப் பதிவேட்டின் நகல். ‘தெரிந்த நான்கு நபர்கள் அரிவாளால் வெட்டியதாகக் கூறப்பட்டது’ என்று மருத்துவர் எழுதியிருக்க, சில மணி நேரம் கழித்துப் பதிவான அறிக்கையில் ஏழு பேரின் பெயர்களும் தந்தை பெயர்களும் யார் எந்த இடத்தில் வெட்டினார் என்ற விவரமும் வரிசையாக இருப்பின், அந்த இரண்டு தாள்களுக்கும் இடையில்தான் எதிரி தரப்பின் வழக்கு இருக்கிறது. எந்தத் தரப்பையும் சாராத மருத்துவர், வழக்கு என்று ஒன்று உருவாகும் முன்பே எழுதிய வரி என்பதால் அதற்கு அத்தனை மதிப்பு.

மூன்றாவதாக, ஒப்புதல் வாக்குமூலமும் கைப்பற்று மகஜரும். மகஜர் என்பது பொருளையோ இடத்தையோ சாட்சிகள் முன்னிலையில் பார்த்து எழுதும் பத்திரம். சாட்சிகளாகப் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளருமே கையொப்பமிட்டிருப்பர். காவலரிடம் கூறப்பட்ட ஒப்புதலைச் சான்றாகக் கொள்ளலாகாது என்பது பொதுவிதி. ஆனால் அதன் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அக்கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும் என்பது விதிவிலக்கு. பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவாக ஒன்றரை நூற்றாண்டு வழங்கிய இவ்விலக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 23-ஆம் பிரிவின் காப்புரையாக அமைந்துள்ளது. ‘ஒப்புக்கொள்ளத்தக்க பகுதி’ என்று கட்டில் குறிக்கப்படும் அந்த இரண்டு வரிகளுக்கு அப்பால், ‘இந்த அரிவாளால்தான் வெட்டினேன்’ என்ற சொற்கள் நீதிபதியின் கண்ணில் படாமல் தடுப்பது எதிரி தரப்பின் கடமை. கண்டெடுக்கப்பட்ட இடம் யாரும் வந்துபோகும் வாய்க்கால் கரையா, எதிரி மட்டுமே அறிந்த இடமா என்பதை மாணவர் நேரில் சென்று பார்த்து வருமாறு நல்ல சீனியர்கள் அனுப்புவதுண்டு. அவ்வாறு சென்று, மின்கம்பம் எங்கே உள்ளது, சாட்சி நின்றதாகக் கூறும் இடத்திலிருந்து சம்பவ இடம் தெரிகிறதா, இடையில் வாழைத்தோட்டம் மறைக்கிறதா என்று பார்த்துவருபவர் ஒரு மாலையில் கற்பதைப் பாடநூல் ஒரு பருவத்தில் கற்பிக்காது.

குறுக்கு விசாரணை என்பது சாட்சியை மிரட்டும் வித்தை என்ற எண்ணத்தைத் திரைப்படங்கள் வளர்த்துவிட்டன. திருநெல்வேலியில் அது பெரும்பாலும் தாழ்ந்த குரலில், தமிழில், பொறுமையாக நடைபெறும் பணி. சாட்சி காவலரிடம் முன்பு கூறியதற்கும் கூண்டில் கூறுவதற்கும் உள்ள முரணைக் காட்ட, முதலில் சாட்சியிடமே அதைக் கேட்க வேண்டும். பின்னர் விசாரணை அதிகாரி கூண்டேறும்போது அவர் வாயால் மெய்ப்பிக்க வேண்டும். கேள்வி–பதிலாக நடப்பது, பதிவாகும்போது சாட்சியின் கூற்றாக மாறிவிடும்: ‘நான் சம்பவத்தைப் பார்க்கவில்லை என்றும் காவல்துறையினர் சொல்லிக்கொடுத்தபடி பொய் சாட்சியம் அளிக்கிறேன் என்றும் சொன்னால் சரியல்ல.’ பல நாட்கள் கழித்து விசாரணை அதிகாரி, ‘அ.சா. 1 (முதல் அரசு தரப்புச் சாட்சி) என்னுடைய விசாரணையில் அவ்வாறு கூறவில்லை’ என்று கூறும் ஒற்றை வரி பதிவாகும்போதுதான் முதல் கேள்வி பயன் தருகிறது. முதல் பாதியைக் கேட்டுவிட்டு இரண்டாம் பாதியை மறந்துவிடும் இளம் வழக்கறிஞர்களால் தண்டனை பெற்றவர்கள் இருப்பர் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது. ஆங்கிலத்தில் சட்டம் படித்து வரும் மாணவர், சாட்சியின் தமிழை அவருடைய ஊர் வழக்கோடு கேட்கவும், அதே சாட்சியம் மேல்முறையீட்டுக்காக ஆங்கிலமாகும்போது எது நழுவுகிறது என்று கவனிக்கவும் கற்க வேண்டும். சாட்சியை முழுதும் நம்பத்தக்கவர், முழுதும் நம்பத்தகாதவர், இரண்டுக்கும் இடைப்பட்டவர் என மூவகையாகப் பிரித்து, மூன்றாம் வகையினருக்குத் துணைச்சான்று வேண்டும் என்று 1957-இல் உச்ச நீதிமன்றம் கூறியது மெட்ராஸ் மாநிலத்திலிருந்து சென்ற வடிவேலுத் தேவர் வழக்கில்தான். கூண்டில் நிற்போரில் மிகப் பலர் அந்த மூன்றாம் வகையினரே.

இவ்வளவு கற்ற பின்னும் மாணவரை விடாமல் தொடரும் கேள்வி ஒன்றுண்டு: குற்றம் செய்தவர் என்று தம் மனமே கூறும் ஒருவருக்காக நிற்கலாமா? இந்திய பார் கவுன்சிலின் தொழில் நெறி விதிகள் இதற்கு நேரான விடை தருகின்றன. குற்றம் பற்றி வழக்கறிஞருக்கு உள்ள சொந்தக் கருத்தைப் பொருட்படுத்தாமல் எதிரிக்காக வாதிட வேண்டும், போதிய சான்றின்றி எவரும் தண்டிக்கப்படலாகாது என்ற சட்டத்துக்கே அவர் விசுவாசம் உரியது என்பது அவ்விதியின் சாரம். கோயம்புத்தூரில் காவலர் சிலருக்காக எவரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் நிறைவேற்றிய தீர்மானம் குறித்த முகமது ரபி வழக்கில், 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தகைய தீர்மானங்கள் யாவும் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. சாத்தான்குளம் வழக்கிலும் அம்பாசமுத்திரம் வழக்கிலும் குற்றம் சாட்டப்பட்ட காவலர்களுக்கும் இதே உரிமை உண்டு; அவர்கள் பிறருக்கு மறுத்ததாகக் கூறப்படும் அதே பாதுகாப்பு அவர்களுக்கும் குறைவின்றிக் கிடைத்தால்தான் அவ்வழக்குகளின் முடிவு நிலைக்கும்.

திருநெல்வேலிச் சீமையில் இக்கேள்வி சாதியோடு பிணைந்து வருவதால் மேலும் கடினமாகிறது. வன்கொடுமை வழக்கில் எதிரிக்காக ஆஜராகும் வழக்கறிஞர், பாதிக்கப்பட்டவரைக் கூண்டில் சாதிப் பெயரால் சிறுமைப்படுத்தும் கேள்வி எதையும் கேட்காமலே தம் கடமையை ஆற்ற முடியும், ஆற்றவும் வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவருக்கு ஜாமீன் நிலை முதலே தம் தரப்பைக் கூறும் உரிமையை வழங்கியுள்ளதையும் அவர் மதிக்க வேண்டும். தம் சாதிக்காரருக்கு மட்டுமே வாதிடுவது என்ற வழக்கம் எங்கேனும் காணப்பட்டால், மாணவர் அதிலிருந்து விலகி நிற்பதே நல்லது. நீதிமன்றத்தின் மேல் நம்பிக்கை குன்றிய இடத்தில் பழிக்குப் பழி புகுந்துவிடுகிறது. 2024 டிசம்பர் 20 அன்று காலை, பாளையங்கோட்டையில் மாவட்ட நீதிமன்ற வாயிலுக்கு எதிரிலேயே, வழக்குக்காக வந்த இளைஞர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். வாய்தாவுக்கு வரும் எதிரி உயிரோடு வீடு திரும்புவதும் நியாயமான விசாரணையின் ஒரு கூறே.

பாளையங்கோட்டை மத்தியச் சிறை, தனியே வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியற்றோரின் வழக்குகளை மாணவர் அறியும் இடம். காவலில் உள்ள எவரும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் கூறுகிறது. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2022-இல் வகுத்த திட்டத்தின்படி, மாவட்டந்தோறும் முழுநேரப் பணியாக எதிரி தரப்புக்கு மட்டுமே வாதிடும் சட்ட உதவி வழக்கறிஞர்கள் தலைமை, துணை, உதவி என்ற படிநிலைகளில் நியமிக்கப்படுகின்றனர். அரசு தரப்புக்கு நிலையான வழக்கறிஞர் அமைப்பு இருப்பதுபோல் எதிரி தரப்புக்கும் ஒன்று வேண்டும் என்ற நெடுநாள் தேவையை இது ஓரளவு நிறைவு செய்கிறது. சட்ட மாணவர்கள் சட்ட உதவித் தன்னார்வலர்களாகச் சேர்ந்து, சிறையிலுள்ளோரின் மனுக்களை எழுதவும், இதற்கு முன் எக்குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவராய், உச்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காவலிலேயே கழித்தவர் யார் எனக் கணக்கிடவும் உதவலாம். புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவின் கீழ், ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலான பிறவற்றில், அத்தகையோருக்கு விடுதலை பெறும் வாய்ப்பு உண்டு.

இதே பாளையங்கோட்டைச் சிறையில்தான் 1908-இல் ஒரு வழக்கறிஞர் விசாரணைக் கைதியாக அடைக்கப்பட்டார். வ.உ. சிதம்பரம் பிள்ளை கப்பலோட்டியவராகப் போற்றப்படும் அளவுக்குக் குற்றவியல் வக்கீலாக நினைக்கப்படுவதில்லை. தந்தை உலகநாத பிள்ளையும் வக்கீலாக இருந்த குடும்பத்தில் வளர்ந்து, 1894-இல் பிளீடர் தேர்வில் வென்று, மறு ஆண்டு முதல் ஒட்டப்பிடாரத்தில் தொழில் செய்த அவர், ஏழைகளுக்காகக் காவல்துறையை எதிர்த்து வாதிட்டு அவர்களின் பகையைத் தேடிக்கொண்டதால், 1900-இல் தூத்துக்குடிக்கு இடம் மாறினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். 1908 மார்ச் 12 அன்று அவர் கைது செய்யப்பட, மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் எழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். மேடைப் பேச்சுகளையே குற்றமாகக் கொண்ட அவ்வழக்கில் ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்; மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அதைப் பெரிதும் குறைத்தது. அவ்வாண்டின் நிகழ்வுகளை ஆராய்ந்து ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதிய நூல் 2024-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுள்ளது. அரசு தன் எதிராளியை எவ்வாறு குற்றவாளியாக்குகிறது என்று அறிய விரும்பும் சட்ட மாணவர் அதைப் பாடநூலாகவே கொள்ளலாம்.

விடுதலையான வ.உ.சி. தம் வழக்கறிஞர் உரிமையை இழந்திருந்தார். நெடுங்காலத்துக்குப் பின் நீதிபதி வாலஸின் துணையால் அது திரும்பக் கிடைத்தபோது, நன்றியின் அடையாளமாகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டு, கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் மீண்டும் தொழில் செய்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பட்ட வறுமை, இத்தொழிலில் வருவாய் அறுந்தால் நேர்வது என்ன என்பதைக் காட்டுகிறது.

அந்த வறுமையின் சிறிய வடிவம் இன்றைய ஜூனியர்களுக்கும் அயலன்று. ஸ்ரீவைகுண்டத்திலோ சேரன்மகாதேவியிலோ இருந்து பேருந்தில் வந்து போகும் முதல் தலைமுறைப் பட்டதாரி, பட்டம் பெற்று, தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வையும் எழுதிய பின், சீனியர் தரும் செலவுத் தொகையை நம்பியே முதல் சில ஆண்டுகளைக் கழிக்க வேண்டியுள்ளது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய நகரங்களில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் வழங்கப்பட வேண்டும் என்று கூறியது. அவ்வாண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும், நகர்ப்புறம், ஊரகம் என்ற பகுப்பில் அதே தொகைகளைப் பரிந்துரைத்தது. பரிந்துரை என்பது கட்டாயம் ஆகாது; தாலுகா நீதிமன்றங்களில் தொழில் செய்யும் சீனியர்களுள் பலருக்கே அவ்வளவு நிலையான வருவாய் இருப்பதில்லை. இதனால் உரிமையியல் வழக்குகளுக்கோ நிறுவனப் பணிகளுக்கோ போட்டித் தேர்வுகளுக்கோ பலர் விலகிச் செல்ல, ரிமாண்டு நேரத்தில் எதிரியின் அருகே நிற்கவேண்டிய இடம் காலியாகிவிடுகிறது. சட்ட உதவி வழக்கறிஞர் அமைப்பில் பயிற்சி ஜூனியர்களுக்கென ஊதியத்துடன் கூடிய இடங்களை மாவட்ட அளவில் அரசு ஏற்படுத்துமாயின், அம்பாசமுத்திரத்து நடுவர் முன் நிறுத்தப்படுபவருக்கும் பாளையங்கோட்டைச் செசன்ஸ் நீதிமன்றத்தில் நிற்பவருக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் துணையிருப்பார்.